வீட்டுப் பயிற்சிக்கும் சின்ன மேடைக்கும் ஒரே கிட்டார் ஆம்ப், 25,000 ரூபாய்க்குள்: எதை எடுக்கலாம்?

தந்தி_நெல்லை எழுதியது:

வணக்கம். கையில் யமஹா பசிஃபிகா 112 இருக்கிறது. அதன் பிக்கப்களில் (தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்கள்) பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் சிங்கிள் காயில். ஆம்ப் இன்னும் வாங்கவில்லை. இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்க வேண்டும்.

வீடு அடுக்குமாடியில் மூன்றாவது தளம். இரவு 9 மணிக்கு மேல் ஹெட்ஃபோன்தான். மேடை என்றால் ஞாயிறு சர்ச் ஆராதனை (கீபோர்டு, பேஸ், ரிதம் பேட், டிரம்ஸ் செட் கிடையாது), மாதத்தில் ஒன்றிரண்டு கல்யாண ரிசப்ஷன் மெல்லிசைக் கச்சேரி. அதில் மட்டும் நிஜ டிரம்ஸ் இருக்கும், 200 பேர் உட்காரும் மண்டபம், மைக்செட் தனியாக வரும்.

வாசிப்பது பெரும்பாலும் க்ளீன் டோன், கொஞ்சம் கோரஸ், டிலே. சோலோ வரும் இடத்தில் மிதமான ஓவர்டிரைவ் (ஒலியை உடைத்துக் கரகரப்பாக்குவது). மெட்டல் இல்லை. பைக்கில் பின்னால் கட்டிக்கொண்டு போகிற எடையாக இருந்தால் நல்லது.

யோசனையில் இருப்பவை: 20 வாட், 8 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள ஆரஞ்ச் க்ரஷ் 20ஆர்டி, உள்ளூர் தயாரிப்பான 40 வாட் க்யூப் ஆம்ப் ஒன்று, செகண்ட் ஹேண்டில் 15 வாட் வால்வ் (கண்ணாடிக் குழல்) ஆம்ப். எத்தனை வாட் போதும்? வால்வ் எடுத்தால் பராமரிப்பு எப்படி? ஆம்பே வாங்காமல் வீட்டு ஹோம் தியேட்டரில் சொருகிச் சமாளிக்க முடியுமா?


பன்னிரண்டு_இஞ்ச் எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஹோம் தியேட்டரில் கிட்டாரை நேராகச் சொருகினால் சத்தம் சின்னதாக, மந்தமாக வரும். கிட்டார் பிக்கப்புக்கு எதிரில் சுமார் 1 மெகா ஓம் இம்பீடன்ஸ் (மின்தடை போன்ற ஓர் அளவு) இருக்க வேண்டும். ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் இன்புட்டில் இருப்பது சில பத்து கிலோ ஓம்தான், ட்ரெபிள் அங்கேயே போய்விடும். முன்னால் ஓவர்டிரைவ் பெடல் போட்டால் இன்னும் மோசம், ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) வழியாக வண்டு ரீங்காரம் மாதிரி வந்து காதைக் குடையும்.

இனி வாட். கடையில் எல்லோரும் கேட்கிற முதல் எண் இதுதான், ஆனால் சத்தத்தைப் பற்றி இது பாதிக் கதையைத்தான் சொல்லும். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதாவது 10 மடங்கு வாட். 20 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 4 டெசிபெல். மீதிக் கதை ஸ்பீக்கரில். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்று ஸ்பீக்கர் விவரக் குறிப்பில் போட்டிருப்பார்கள். நல்ல 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர் 97 முதல் 100 வரை தரும், சின்ன ஸ்பீக்கர்கள் பல அதற்குக் கீழே. 92 தருகிற ஸ்பீக்கருடன் 80 வாட்டும், 98 தருகிற ஸ்பீக்கருடன் 20 வாட்டும் ஒரே சத்தம்தான். 8 இஞ்ச்சில் இன்னொரு சிக்கல், கீழ் தந்திகளின் உடல் வராது. வீட்டில் அது தெரியாது. டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால்தான் கிட்டார் மெலிந்து, டப்பா மாதிரி ஆகிவிடும்.

அதனால் க்ரஷ் 20ஆர்டி உங்கள் முதல் வேலைக்கு அருமை, இரண்டாவதற்குப் போதாது. க்ளீன் வாசிப்பவருக்குத்தான் அதிக வாட் தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவர்டிரைவ் வாசிப்பவருக்கு ஆம்பின் ஒலி கொஞ்சம் உடைந்தால் பரவாயில்லை. க்ளீன் கார்டு உடையக் கூடாது என்றால் மேலே இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

என் தேர்வு: 12 இஞ்ச் ஸ்பீக்கர், 50 வாட் அளவு, மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் டோனை டிஜிட்டலாகத் தருவது), பவரைக் குறைக்கிற ஸ்விட்ச். இந்த வர்க்கத்தில் பாஸ் கட்டானா 50-ஐத் தாண்டிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. 0.5, 25, 50 வாட் என்று மூன்று நிலை. கோரஸ், டிலே, ரிவெர்ப் உள்ளேயே. எடை 12 கிலோவுக்குள். அதன் புதிய பதிப்பான ஜென் 3 உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம், அப்படியானால் முந்தைய பதிப்பான மார்க் 2 பழையது தேடுங்கள். உங்கள் டோனுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. ஒரு குறை: மார்க் 2-ல் எஃபெக்ட்டை நுணுக்கமாகத் திருத்த வேண்டுமானால் யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் செய்ய வேண்டும், முகப்பிலுள்ள நாப்கள் மேலோட்டமானவை. முதல் நாளே நான்கைந்து டோன் செய்து சேமித்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போக வேண்டாம். மாற்றாக ஃபெண்டர் மஸ்டாங் எல்டி50 பாருங்கள், அதுவும் 12 இஞ்ச். அதே வரிசையில் எல்டி25 என்பது 8 இஞ்ச், பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஆன்லைனில் மாற்றி எடுத்துவிட வேண்டாம். எஃபெக்ட் வேண்டாம், பெடல் இருக்கிறது என்பவருக்கு ஆரஞ்ச் க்ரஷ் 35ஆர்டி. 10 இஞ்ச் ஸ்பீக்கர், எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை இணைக்கும் தனி ஜாக்குகள்) உண்டு.

அரை வாட் என்றால் கிசுகிசு என்று நினைக்க வேண்டாம். 98 டெசிபெல் ஸ்பீக்கரில் அரை வாட் முழுதாகப் போனால் 1 மீட்டரில் 95 டெசிபெல், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவு. அடுக்குமாடியில் அந்த நிலையிலும் மாஸ்டர் வால்யூம் கால்பங்குக்கு மேல் போகாது.

வால்வ் 15 வாட்: உங்கள் தேவைக்கு வேண்டாம். அதன் ருசி வருவது வால்யூமை ஏற்றும்போது, 15 வாட்டை ஏற்றினால் அடுக்குமாடியில் குடியிருக்க முடியாது. ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும் ஆபத்து உண்டு, அது மாற்றுகிற செலவில் ஒரு சின்ன ஆம்பே வாங்கலாம். இஎல்84 போன்ற பவர் வால்வ்கள் தேயும் பொருள். பைக் குலுக்கலும் அவற்றுக்கு ஆகாது.

உள்ளூர் க்யூப் ஆம்ப்களில் பல, பாட்டு, கீபோர்டு, கிட்டார் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. மைக் இன்புட், எக்கோ, கூடவே ட்வீட்டர். க்ளீன் டோனுக்கு மோசமில்லை. ஓவர்டிரைவ் போட்டதும் ட்வீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் பார்த்த மாடலில் முன் வலையைக் கவனியுங்கள், பெரிய கோனுக்கு மேல் ஒரு சின்ன ஹார்ன் தெரிந்தால் அது கிட்டார் ஆம்ப் இல்லை.


மண்டப_மிக்சர் எழுதியது:

மேல சொன்னவர் சொன்ன எல்லாமே சரிதான், ஆனா மேடைக்கு 50 வாட் எதுக்குன்னு நான் கேப்பேன். ரிசப்ஷன் மண்டபத்துல ஜனங்க கேக்குறது மைக்செட் பாக்ஸ் வழியா. உங்க ஆம்ப் உங்க காதுக்கும் டிரம்மர் காதுக்கும் மட்டும்தான். ஆம்பை ஏத்தினா பாட்டுக்காரங்க மைக்ல உங்க கிட்டார் நுழையும், அப்புறம் நான் கிட்டாரைக் குறைக்கவும் முடியாது, குரலை ஏத்தவும் முடியாது. சின்ன மண்டபத்துல சவுண்டு கெடுறதுக்கு இதுதான் முக்கால்வாசிக் காரணம்.

அதனால வாட்டை விட, ஆம்புக்குப் பின்னாடி என்ன ஜாக் இருக்குன்னு பாருங்க. மிக்சருக்கு சிக்னல் கொடுக்க ரெண்டு வழி.

ஒண்ணு, ஆம்ப் முன்னாடி மைக். ஷூர் எஸ்எம்57 இருந்தா நல்லது, பாட்டு மைக் எஸ்எம்58 இருந்தாலும் போதும். வலையில இருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர். கோனோட நட்ட நடுவுல வெச்சா கீச்சுன்னு இருக்கும், ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மந்தமாகும். நடு மூடி முடிஞ்சு கோன் ஆரம்பிக்கிற இடத்துல தொடங்கி, அரை இஞ்ச் அரை இஞ்சா நகர்த்திப் பாருங்க. ஸ்டாண்டு இல்லன்னு கேபிளைப் பிடிச்சு ஆம்ப் மேல இருந்து மைக்கைத் தொங்கவிடுறாங்க. அந்த மைக் வாங்குறது அதோட நுனிப்பக்கம். தொங்கவிட்டா அது கேக்குறது தரையைத்தான், அது பத்தாதுன்னு டிரம்ஸும் நுழையும்.

ரெண்டாவது, ஆம்ப்ல இருந்து நேரா லைன். கட்டானா 50-ல ஹெட்ஃபோன் ஜாக்கும் ரெக்கார்டிங் ஜாக்கும் ஒண்ணுதான், அதுல ப்ளக்கைச் சொருகினா ஸ்பீக்கர் ஆஃப் ஆயிடும். மேடையில உங்களுக்கே உங்க சத்தம் கேக்காது, மானிட்டரை (மேடையில இருக்கிறவங்களுக்குன்னு வைக்கிற பாக்ஸ்) நம்பணும். லைனும் போகணும், ஸ்பீக்கரும் பாடணும்னா கட்டானா 100-ல தனி லைன் அவுட் இருக்கு. 50-ன்னா மைக்தான் சுலபம்.

இதுல ஒரு பொறி இருக்கு. ஹெட்ஃபோன் ஜாக் ஸ்டீரியோ. அங்க இருந்து மிக்சருக்கு மூணு வளைய பேலன்ஸ்டு கேபிளைப் போட்டா சத்தமே வராது, வந்தாலும் ரிவெர்பும் கோரஸும் மட்டும் பேய் மாதிரி கேக்கும். இடது, வலது ரெண்டுலயும் ஒரே சிக்னல் போகுது, பேலன்ஸ்டு இன்புட் ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிக்குது, மிச்சம் பூஜ்யம். எல்லாரும் கேபிள் போச்சுன்னு நினைச்சு மாத்திட்டே இருப்பாங்க. ஒரு பக்கம் ஸ்டீரியோ ப்ளக், மறுபக்கம் ரெண்டு மோனோ ப்ளக் இருக்கிற ஒய் கேபிள் வாங்கி, இடதை மட்டும் டிஐ பாக்ஸ்ல (சிக்னலை மிக்சருக்கு ஏத்தபடி மாத்துற சின்னப் பெட்டி) போடுங்க. ஸ்பீக்கர் அவுட்னு எழுதியிருக்கிற ஜாக்கை மட்டும் எந்தக் காலத்துலயும் மிக்சர்ல சொருகாதீங்க.

என்னைக் கேட்டா வேற வழி சொல்வேன். ஸூம் ஜி1எக்ஸ் ஃபோர் மாதிரி ஒரு ப்ராசஸர். ஆம்ப் மாடல், கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியோட சத்தத்தை அப்படியே காட்டுறது), டிலே, ட்யூனர், லூப்பர், கால் பெடல் எல்லாம் ஒரே தட்டுல. நாலு டபுள் ஏ பேட்டரியிலயும் ஓடும், 9 வோல்ட் அடாப்டர்லயும் ஓடும். ராத்திரி ஹெட்ஃபோன், ஞாயித்துக்கிழமை டிஐ பாக்ஸ் வழியா சர்ச் மிக்சர். தோள் பையில போட்டுட்டுப் போயிடலாம். மிச்சப் பணத்துல வீட்டுக்கு 8 இஞ்ச் ஆம்ப் ஒண்ணு.

இதுக்கும் ஒரு விதி உண்டு. மிக்சருக்குப் போகும்போது கேபினெட் சிமுலேஷன் ஆன்ல இருக்கணும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தானாவே வெட்டிடும், மைக்செட் பாக்ஸ் வெட்டாது. சிமுலேஷன் இல்லாம ஓவர்டிரைவ் போனா கரகரன்னு அறுக்கும். அதே ப்ராசஸரைக் கிட்டார் ஆம்ப் முன்னாடி சொருகினா சிமுலேஷனை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா கம்பளியைப் போத்தின மாதிரி மூடிக்கும். வீட்டுக்கு ஒரு பேட்ச், மேடைக்கு ஒரு பேட்ச்னு தனித்தனியா சேவ் பண்ணி வைங்க.

ஹெட்ஃபோன் வயர் உள்ளதாவே இருக்கட்டும். ப்ளூடூத்ல நீங்க தந்தியை அடிச்சு சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள தாளம் தப்பிடும். பேக்கிங் ட்ராக் மட்டும் ப்ளூடூத்ல வந்தா பிரச்சினை இல்ல.


தந்தி_நெல்லை எழுதியது:

இருவருக்கும் நன்றி. குழப்பம் குறைந்து, ஆம்பா ப்ராசஸரா என்ற அளவுக்கு வந்துவிட்டது. ரிசப்ஷனில் டிரம்ஸ் பக்கத்தில் நிற்கிறேன், மானிட்டர் பாடகர்களுக்கு மட்டும்தான் வைக்கிறார்கள். அதனால் ஆம்ப் பக்கம்தான் சாய்கிறேன்.

முடிவெடுக்கும் முன் இரண்டு சந்தேகம். சர்ச்சில் இப்போது இரவல் ஆம்ப் ஒன்றில் வாசிக்கும்போது கோரஸ் பாட மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. மைக்கைத் தொடாமல் கிட்டார் மட்டும் வாசித்தால் ஒன்றும் இல்லை. மேடை விளக்கை டிம்மரில் பாதிக்கு இறக்கினால் கிட்டாரில் கொர்ர்ர் என்று ஒரு சத்தம். புது ஆம்ப் வாங்கினால் இரண்டும் போய்விடுமா? துபாயில் இருக்கும் உறவினர் ஒருவர் அமெரிக்கா போய் வருகிறார், அங்கிருந்து வாங்கி வரச் சொல்லலாமா?


ஈயப்புகை எழுதியது:

போகாது. முதலாவது ஆம்ப் கோளாறாக இல்லாமல் வயரிங் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யும் வரை அந்த மைக்கில் பாட வேண்டாம். கிட்டார் தந்தி, பிரிட்ஜ் வழியாக ஆம்பின் சட்டத்தோடு (உலோக உடல்) இணைந்திருக்கிறது. மைக் வலை மிக்சரின் சட்டத்தோடு. ஒன்றுக்கு எர்த் இருந்து மற்றதற்கு இல்லாவிட்டால், இரண்டுக்கும் நடுவில் நீங்கள்தான் கம்பி.

மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட், 600 அல்லது 750 நிலையில் வையுங்கள். ஒரு முனை மைக் வலையில், மற்றது கிட்டார் தந்தியில். கிட்டாரையும் மைக்கையும் கையில் பிடிக்காமல், ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள். 1, 2 வோல்ட் என்றால் பயமில்லை. 90 முதல் 120 வரை காட்டினால் பெரும்பாலும் ஏதோ ஒரு கருவி எர்த் இல்லாமல் மிதக்கிறது. அதன் பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரித்துச் சட்டத்துக்குக் கொடுக்கின்றன. மின்னோட்டம் சிறிது, சுரீர் என்று நின்றுவிடும். 200-க்கு மேல் காட்டினால் உள்ளே ஃபேஸ் கம்பி சட்டத்தைத் தொடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து சாக்கெட். எதிரில் நின்று பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸ்-நியூட்ரல் 230 சுற்றி. ஃபேஸ்-எர்த் ஏறக்குறைய அதே அளவு இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள். ஃபேஸ்-எர்த் 100, 60 என்று தள்ளாடினால் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது. பழைய கட்டடங்களில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், பின்னால் இரண்டு கம்பிதான் வந்திருக்கும். இந்த அளவெடுப்பு பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள், அரை மணி நேர வேலை.

இன்னொரு வழக்கமான குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் ஆக்கும் கன்வெர்ட்டர் எங்காவது ஒளிந்திருக்கும். ஹம் (ம்ம்ம் என்ற இரைச்சல்) நிற்கிறது என்று யாரோ எர்த் பின்னை ஒடித்துவிட்டும் இருப்பார்கள். அப்படி ஹம் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து உண்டாகும் வட்டம். அதை அறுக்க வேண்டிய இடம் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச், பவர் ப்ளக் அல்ல. மண்டபத்தில் மூன்று ஃபேஸ் இருந்தால் மிக்சரும் மேடைக் கருவிகளும் ஒரே ஃபேஸில், முடிந்தால் ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட் இருக்கிறது. மேடை போர்டுக்கு முன்னால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) ஒன்று போடச் சொல்லி சர்ச் கமிட்டியிடம் கேளுங்கள். ஆம்ப் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு.

டிம்மர் சத்தம் வேறு விஷயம். டிம்மர், மின்னலையை நடுவில் வெட்டி வெட்டி அனுப்புகிறது, அந்தக் கூர்மையான வெட்டு காற்றில் பரவுகிறது, சிங்கிள் காயில் அதை அப்படியே பிடிக்கிறது. பிக்கப் செலக்டரை ஹம்பக்கர் பக்கம் தள்ளிப் பாருங்கள். குறைந்தால் பிடிப்பது பிக்கப்தான். நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பினாலும் சத்தம் கூடும், குறையும். விளக்கு போர்டு ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம் என்று தள்ளி நிற்பது, டிம்மரை முழுதாக ஏற்றிவிடுவது அல்லது முழுதாக அணைப்பது, இவைதான் செலவில்லாத தீர்வு. நாய்ஸ் கேட் (சத்தம் தாழ்ந்ததும் ஒலியை அடைத்துவிடும் எஃபெக்ட்) வாசிக்காத நேரத்தில் மட்டும் மறைக்கும்.

தந்தியைத் தொட்டால் ஹம் குறைகிறதா? அது இயல்பு. தொட்டால் கூடினால் கிட்டாரின் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் கம்பியோ ஜாக் சால்டரோ விட்டிருக்கிறது. நான்கு ஸ்க்ரூ கழற்றி ஒரு சொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது.

அமெரிக்காவிலிருந்து வேண்டாம். அங்கே 120 வோல்ட். சில டிஜிட்டல் ஆம்ப்களில் பின்பக்க லேபிளில் 100-240 என்று இருக்கும், அவை எங்கும் ஓடும், பவர் கார்டு மட்டும் மாற்றினால் போதும். லேபிளில் 120 மட்டும் இருந்தால் இங்கே சொருகிய நொடியில் ஃப்யூஸ் போகும், ஃப்யூஸோடு போனால் அதிர்ஷ்டம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம், ஆனால் 50 வாட் ஆம்புக்குக்கூட நூறு, இருநூறு விஏ கொண்ட இரும்புப் பெட்டியைப் பைக்கில் கூடவே சுமக்க வேண்டும். துபாயிலேயே வாங்கினால் மின்னழுத்தப் பிரச்சினை இல்லை, அங்கும் 230 வோல்ட் வகைதான். வாரண்டி இங்கே செல்லுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது பெரிய ஏசி கிளம்பினால் மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். டிஜிட்டல் ஆம்ப், ப்ராசஸர் எல்லாம் அந்தக் கணத்தில் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். நடுப்பாட்டில் ஆகும். பேட்டரியில் ஓடும் ப்ராசஸருக்கு இந்தத் தொல்லை இல்லை, அந்த ஒரு விஷயத்தில் மண்டப_மிக்சர் பக்கம் நியாயம் இருக்கிறது.


பன்னிரண்டு_இஞ்ச் எழுதியது:

மானிட்டர் இல்லை என்றால் ஆம்ப்தான், சந்தேகமே வேண்டாம். ப்ராசஸர் மட்டும் கொண்டுபோய் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் நீங்கள் வாசிப்பதே உங்களுக்குக் கேட்காது.

வாங்கிய பிறகு எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று. வீட்டில் குறைந்த சத்தத்தில் அமைத்த டோனை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் மந்தமாகக் கேட்கும், அதனால் இரண்டையும் ஏற்றி மிட்டை (நடு ஸ்தாயி) இறக்கிவிடுகிறோம். படுக்கையறையில் பிரமாதமாக இருக்கும். அதையே மண்டபத்தில் ஏற்றினால் கீழே குமுகுமு, மேலே கீச், நடுவில் கிட்டாரைக் காணோம். கிட்டாரின் கீழ் ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ், அந்த இடத்தில் ஏற்கெனவே பேஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் உட்கார்ந்திருக்கின்றன. கிட்டாரை அடையாளம் காட்டுவது மிட்தான்.

மேடைக்குத் தனி டோன் செய்யுங்கள். எல்லா நாபும் நேர் நடு. பேஸை அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள், மிட்டை ஏற்றுங்கள், ட்ரெபிளைத் தொடாதீர்கள். கெயின் (ஓவர்டிரைவின் அளவு) வீட்டில் வைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு போதும், சத்தம் கூடும்போது அதுவே தடித்துக் கேட்கும். ரிவெர்பைப் பாதியாக்குங்கள், ஓடு பதித்த மண்டபம் தானே எதிரொலிக்கும், ஆம்பிலிருந்தும் போனால் கார்டு மாற்றம் தெரியாது. சோலோ டோனில் கெயினை ஏற்றினால் சத்தம் கூடாது, இறுகி உள்ளே போகும். வால்யூமை 3, 4 டெசிபெல் ஏற்றி, மிட்டையும் ஒரு பொடி ஏற்றுங்கள். இதை வீட்டில் தனியாக வாசித்து முடிவு செய்ய முடியாது. பாட்டின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, டிரம்ஸோடு சேர்த்துக் கேட்டு அமையுங்கள்.

ஆம்பைத் தரையில் வைத்து அதன் முன்னால் நின்றால் சத்தம் முழங்காலில் அடித்துவிட்டுப் போகும். காதுக்கு வருவது மிச்சம். அதனால்தான் ஏற்றி ஏற்றி மிக்சர்காரரிடம் திட்டு வாங்குகிறோம். பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வையுங்கள், அல்லது முன்பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்துப் பின்னால் சாய்த்து வையுங்கள், ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்க வேண்டும். சுவர் மூலையில் தள்ளினால் பேஸ் கூடும். கீபோர்டுக்காரர் முதுகுக்கு நேராக வைக்க வேண்டாம், அவர் பதிலுக்குத் தன்னுடையதை ஏற்றுவார்.

கேபிள் 6 மீட்டருக்கு மேல் வேண்டாம். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் சேரும், நீளம் கூடக் கூட மேல் ஸ்தாயி மழுங்கும். அதையே காரணமாக வைத்து விலை உயர்ந்த கேபிள் விற்பார்கள். வாங்க வேண்டாம், நல்ல ப்ளக் உள்ள சாதாரண ஷீல்டு கேபிள் இரண்டு வாங்குங்கள், ஒன்று பையில் கிடக்கட்டும். கேபிள் அறுவது எப்போதும் முதல் பாட்டில்தான்.


ஈயப்புகை எழுதியது:

பழைய கட்டானா தேடுவதானால் பார்க்கும் வரிசை இது. கிட்டார், கேபிள், ஹெட்ஃபோன் மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள், விற்பவருடையதில் கேட்க வேண்டாம். அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். சூடானதும் மட்டும் வரும் கோளாறுகள் உண்டு, ஐந்து நிமிடத்தில் அவை முகம் காட்டாது. மூன்று பவர் நிலையிலும் வாசியுங்கள். ஒவ்வொரு நாபையும் முழுச் சுற்று திருப்புங்கள். கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் போதும், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் சத்தமே அறுந்தால் நாபுக்கு உள்ளே இருக்கும் பாட் போய்விட்டது. ஜாக்கில் ப்ளக்கை மெதுவாக ஆட்டுங்கள், விட்டு விட்டு வந்தால் போர்டில் சால்டர் விட்டிருக்கும். ஒருமுறை யூஎஸ்பியில் லேப்டாப்பை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள், இந்த ஆம்பில் அது வேலை செய்யாவிட்டால் பாதி வசதி போச்சு.

ஸ்பீக்கருக்கு: ஆஃப் செய்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து கை எட்டினால், கோனை நான்கு விரலால் இருபுறமும் சமமாக மெல்ல அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயில் கோணிவிட்டது. பிறகு கீழ் ஈ தந்தியை மிதமான சத்தத்தில் அடித்துக் கேளுங்கள், பின்னால் ஒரு பிசிறு தொடர்ந்து வந்தாலும் அதே நோய். மாற்று ஸ்பீக்கர் போட்டிருந்தால் அதன் முதுகில் எத்தனை ஓம் என்று பாருங்கள். ஆம்ப் 8 ஓம் கேட்க, 4 ஓம் போட்டிருந்தால் சத்தம் நன்றாகவே வரும், பவர் பகுதி சூடேறி ஒருநாள் சாகும். ஃப்யூஸையும் கழற்றிப் பாருங்கள். எழுதியிருப்பதை விடப் பெரிய மதிப்பு இருந்தால், அல்லது சிகரெட் தாள் சுற்றியிருந்தால், அந்த ஆம்புக்கு ஒரு கதை இருக்கிறது, வாங்க வேண்டாம்.

தூத்துக்குடி, நாகர்கோவில் மாதிரிக் கடலோரத்து ஆம்ப் என்றால் ஸ்க்ரூ தலைகளையும் ஜாக் வளையங்களையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உள்ளே போர்டும் அப்படித்தான். கரப்பான் கூடு கட்டுவதும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வெதுவெதுப்பில்தான், டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதியதன் இன்றைய விலையில் 70 சதவீதத்துக்கு மேல் கேட்டால் வாதாட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். அந்த மிச்ச 30 சதவீதத்தில் வாரண்டி கிடைக்கிறது.